சேலத்துக்கு வந்த ஹாலிவுட் நடிகை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிய ஒரு பதிலில், அந்த நிறுவனம் கூட்டுச் சேர்ந்து எடுத்த ஆங்கிலப் படம் ஒன்றில் மேரி வின்ட்சர் என்னும் அமெரிக்க நடிகை நடித்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை காரைக்குடியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. ஏ.வி.மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்திய காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சினிமா வரலாறு என்பது ஊர் வரலாற்றின் ஒரு பகுதி. ஆகவே இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அந்த நடிகைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், யானைகளும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரர் ஒருவரும் ஓர் இளவரசியும் இருக்கும் ஆங்கிலப் பட விளம்பரத் தாள் ஒன்றைப் பார்த்தேன். ‘தி ஜங்கிள்’ என்று பெயர் இருந்தது. நீங்கள் குறிப்பிட்ட படம் இதுதானா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: அதே படம்தான். 1952-இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஓர் அமெரிக்கத் தயாரிப்புத் தரப்பும் இணைந்து எடுத்தது. இயக்கியவர் வில்லியம் பெர்க். அமெரிக்காவில் லிப்பர்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. நம் பக்கத்தில் ‘காடு’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. தாளில் துப்பாக்கியோடு நிற்பவர் வேட்டைக்காரராக நடித்த ராட் கேமரன் ஆக இருக்கவேண்டும். இளவரசி மேரி வின்ட்சர். சீஸர் ரொமேரோ இன்னொரு முக்கிய வேடத்தில் வருகிறார். நம்மவர்களில் எம்.என்.நம்பியார் நடித்திருக்கிறார், ஜி.ராமநாதனுக்கு இசையில் பங்கு உண்டு.

காட்டில் விலங்குகள் வெறிகொண்டு ஊர்களைத் தாக்குகின்றன. காரணம் தேடிப் போகிறவர்கள், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமத் என்னும் ஆதிகால யானைகள் இன்னும் உயிரோடு இருப்பதைக் காண்கிறார்கள். நம் யானைகளுக்கே நீண்ட உரோமம் ஒட்டி மாமத் ஆக்கினார்கள். படமாகப் பார்த்தால் அது உயர்ந்த படம் அல்ல. இந்திய இளவரசிக்கும் இந்தியப் பிரமுகருக்கும் அமெரிக்க நடிகர்களைக் கறுப்புப் பூச்சுப் பூசி நிறுத்தியது அன்றைய ஹாலிவுட்டின் வழக்கம். நம்பியார் போன்றவர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அப்படிச் செய்தார்கள் என்பது இன்று பார்க்கையில் வருத்தமே தருகிறது.

ஆனால் அந்த முயற்சியின் துணிவை நான் மதிக்கிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம், 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ படத்தைச் சேலத்திலிருந்து தயாரித்துக் கொடுத்தவர். 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மூலம் தமிழுக்கு முழுநீள வண்ணப்படத்தையும் தந்தவர். சென்னையைச் சார்ந்திராமல் ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு ஹாலிவுட்டோடு கூட்டுச் சேர்ந்தார். செட்டிநாட்டு வாசகர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். மின்வசதி முதலான எத்தனையோ குறைகளுக்கு நடுவே தேவகோட்டை ரஸ்தாவில் ‘நாம் இருவர்’ படத்தை எடுத்து 1947-இல் வெளியிட்டவர்கள், 1948-இல் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. சேலமோ நிலைத்து நின்றது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனும் அந்தச் சேலத்து நிறுவனத்தில் சில காலம் பணியாற்றியவர்தான்.

கேள்வி: எங்கள் ஐயா உயிரோடு இருந்தவரை, ‘சேலத்துக்கு வந்த அமெரிக்காக்காரி அங்கே பெரிய நடிகை இல்லை, சில்லறை வேடக்காரி’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது உண்மையா? அந்த அம்மாள் எந்த ஊர், எப்படி நடிக்க வந்தார்? (ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: உங்கள் ஐயா சொன்னதில் பாதி உண்மை. அவர் முதல் வரிசை நட்சத்திரமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் சில்லறை வேடக்காரி என்பதை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்பதை இந்தப் பக்கங்களில் சொல்ல முயல்கிறேன்.

இயற்பெயர் எமிலி மேரி பெர்ட்டல்சன். 1919 டிசம்பர் 11 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேரிஸ்வேல் என்ற சிறிய சுரங்க ஊரில் பிறந்தார். ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்தார். பின்னர் ஹாலிவுட்டுக்கு வந்து மரியா உஸ்பென்ஸ்கயாவிடம் நடிப்புப் பயின்றார். இந்த ஆசிரியையின் பெயரை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். மாஸ்கோ கலை நாடக அரங்கில், ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் வழியில் பயிற்சி பெற்று அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். ஆகவே வின்ட்சர் அழகை மட்டும் நம்பி வந்தவர் அல்லர்; முறையான பயிற்சி உள்ளவர்.

1940-களின் தொடக்கத்தில் கூட்டத்தில் ஒருவராகவும், ஓரிரு வரி பேசுகிறவராகவும் பல படங்களில் வந்து போனார். இடையே நியூயார்க் சென்று மேடையிலும் வானொலி நாடகங்களிலும் நடித்தார். முகம் தெரியாமல் குரலால் மட்டும் ஒரு பாத்திரத்தை நிறுத்தவேண்டிய அந்த வானொலிப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெரிதும் உதவியது என்பது என் எண்ணம். அவருடைய படங்களில் வசனத்தின் கூர்மை, சொல்லின் முடிவில் வரும் அந்தச் சிறு அலட்சியம், எல்லாம் குரலிலேயே இருக்கின்றன. அதன் பிறகு எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. கொடுத்தவையோ சிறிய வேடங்களே.

திருப்பம் 1948-இல் வந்தது. ஏப்ரஹாம் போலான்ஸ்கி இயக்கிய ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ படத்தில், சூதாட்டக் கும்பலின் தலைவனுக்கு மனைவியாக, கதாநாயகன் ஜான் கார்ஃபீல்டை வலையில் வீழ்த்தப் பார்ப்பவளாக நடித்தார். நியூயார்க்கில் ஏழைகள் சில்லறைக் காசு வைத்து ஆடிய எண் சூதாட்டத்தைப் பெரும்பணக்காரர்கள் எப்படி ஒரே குடையின் கீழ்க் கொண்டுவருகிறார்கள் என்பதைச் சொன்ன படம் அது. 1994-இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதில் வின்ட்சர் தோன்றும் நேரம் குறைவு. ஆயினும் அவர் வரும் காட்சிகளில் கார்ஃபீல்டின் முகத்தில் ஒரு எச்சரிக்கை உணர்வு தோன்றிவிடுகிறது. அந்த உணர்வை எழுப்பும் ஆற்றல் எதிரே நிற்பவரிடமிருந்து வருவது.

கேள்வி: ‘பி படங்களின் ராணி’ என்று இவரை அழைப்பதாகப் படித்தேன். பி படம் என்றால் இரண்டாந்தரப் படம் என்றுதானே பொருள்? இவ்வளவு பயிற்சி உள்ளவர் ஏன் அங்கேயே தங்கிவிட்டார்? (ஒரு வாசகர், புதுவயல்)

பதில்: அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டுவது வழக்கம். முதலாவது, பெரிய நட்சத்திரங்கள் நடித்த ஏ படம். வசூலில் பங்கு கேட்டு அதை வாடகைக்குக் கொடுப்பார்கள். உடன் ஓடும் இரண்டாவது படம் பி படம். அதற்கு ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே கொடுத்துவிடுவார்கள். வசூல் கூடினாலும் தயாரிப்பாளருக்குக் காசு கூடாது என்பதால், செலவைக் கட்டுக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், சில வாரங்களுக்குள் எடுத்து முடிக்கவேண்டும். ஆகவே அந்த எழுத்து வியாபார முறையைக் குறித்தது. நடிப்பின் தரத்தைக் குறித்தது அன்று.

குறைந்த நாளில் எடுக்கும் படத்தில் நடிகருக்கு வேலை கடினம். ஒரு காட்சியைப் பத்து முறை எடுத்துப் பார்க்க நேரம் இராது. வசனம் பாடமாக வேண்டும், நிற்கவேண்டிய இடம் தவறக்கூடாது, முதல் முறையிலேயே பாத்திரம் உயிரோடு வரவேண்டும். வின்ட்சரைத் தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்ப அழைத்ததன் காரணம் இதுவே. 1952 என்ற ஒரே ஆண்டில் மட்டும் ‘தி ஜங்கிள்’, ‘தி நேரோ மார்ஜின்’, ‘தி ஸ்னைப்பர்’, ‘ஜப்பானீஸ் வார் பிரைட்’, ‘அவுட்லா விமன்’ ஆகிய படங்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் இந்திய இளவரசி. ஒன்றில் மதுக்கூடத்தில் பியானோ வாசித்துப் பிழைக்கும் தனிப்பெண். ஒன்றில் ஜப்பானிய மருமகளைக் கண்டு பொறாமையில் வேகும் ஓரகத்தி. இத்தனை வேறுபட்ட வேடங்களை அடுத்தடுத்து ஏற்று நடிப்பதற்குத் தேர்ந்த கைப்பழக்கம் வேண்டும்.

முதல் வரிசைக்கு அவர் போகாததற்கு ஒரு காரணம் அவருடைய உயரம். ஐந்தடி ஒன்பது அங்குலம். அன்றைய ஹாலிவுட் கதாநாயகர்கள் பலர் அதைவிடக் குட்டை. 1949-இல் ‘அவுட்போஸ்ட் இன் மொரோக்கோ’ படத்தில் ஜார்ஜ் ராஃப்ட்டுக்கு ஜோடியாக நடித்தபோது, இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும் காட்சிகளே சிக்கலாயின. நாயகனை நோக்கி நடந்து வரும்போதே முழங்காலை மெல்ல மெல்ல மடித்து, அருகில் வந்து சேர்கையில் அவரைவிடக் குட்டையாகத் தெரியும்படி நடக்கக் கற்றுக்கொண்டதாக வின்ட்சர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நடந்து வரும் பெண்ணின் முகத்தில் காதலும் காலில் இந்தக் கணக்கும் ஒருசேர இருக்கவேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய உழைப்பு! நாயகன் ஏறி நிற்க ஒரு பலகை போட்டால் தீர்ந்துவிடும் காரியத்துக்காக ஒரு நடிகையின் உடம்பே வளைந்து கொடுக்கவேண்டியிருந்தது.

கேள்வி: ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘தி கில்லிங்’ படத்தில் இவர் நடிப்பை எல்லோரும் புகழ்கிறார்கள். நானும் பார்த்தேன். அந்த மனைவி பாத்திரம் கொடியவள் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: நல்ல கேள்வி. சற்று விரிவாகவே சொல்லவேண்டும். படத்தைப் பார்க்காதவர்கள், முடிவை அறிய விரும்பாவிட்டால், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

1956-இல் வந்த ‘தி கில்லிங்’, குதிரைப் பந்தய மைதானத்தின் பணத்தைக் கொள்ளையடிக்கத் திட்டமிடும் ஒரு குழுவின் கதை. நேர வரிசையை முன்னும் பின்னும் கலைத்துச் சொல்லப்பட்டது. குழுவில் ஒருவன் ஜார்ஜ் பீட்டி, மைதானத்தில் பணம் வாங்கும் ஜன்னலில் உட்காரும் காசாளர். அந்த வேடத்தில் எலிஷா குக் ஜூனியர். அவன் மனைவி ஷெர்ரி, வின்ட்சர். வசதியான வாழ்வு தருவதாகச் சொல்லி மணந்துகொண்டவன் அதைத் தரவில்லை என்ற கசப்பு அவளுக்கு. மனைவியின் மதிப்பைப் பெறவேண்டும் என்ற ஒரே ஏக்கத்தில் ஜார்ஜ் கொள்ளைத் திட்டத்தைப் பற்றி வாய்விட்டுவிடுகிறான். அவள் அதைத் தன் காதலனிடம் சொல்கிறாள். அங்கிருந்து எல்லாம் குலைகிறது.

எழுத்தில் பார்த்தால் இது ஒரு பழகிப்போன பாத்திரம். வின்ட்சர் அதை எப்படி மாற்றுகிறார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. முதலில், அவர் அவசரமே படுவதில்லை. சாய்விருக்கையில் படுத்தபடி, கணவனை நேராகப் பார்க்காமலே பேசுகிறார். ஒவ்வொரு வசையும் ஏதோ வானிலை பற்றிச் சொல்வதுபோல் மென்மையாக வருகிறது. அந்த மென்மைதான் ஜார்ஜை உடைக்கிறது. சண்டை போட்டால்கூட அவன் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பான். இரண்டாவதாக, கணவனிடம் ரகசியத்தைக் கறக்கும் காட்சியில் அவர் அன்பாக நடிப்பதில்லை. அன்பு இருந்திருக்கக்கூடிய ஓர் இடத்தை அவனுக்குக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மீதியை அவனே நிரப்பிக்கொள்கிறான்.

மூன்றாவது, காதலனோடு அவள் இருக்கும் காட்சி. பலர் இதைக் கவனிப்பதில்லை. கணவனிடம் அவ்வளவு கெட்டியாக இருந்தவள் இவனிடம் கெஞ்சுகிறாள். தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். ஜார்ஜ் அவளிடம் எப்படி நிற்கிறானோ அப்படியே அவள் இவனிடம் நிற்கிறாள். இந்தப் பயத்தைச் சில நொடிகள் காட்டிவிட்டதால், ஷெர்ரி வெறும் கொடியவள் என்ற நிலையிலிருந்து விலகி, விலைபோகாத இடத்தில் தன் ஆசையை வைத்துவிட்ட ஒரு பெண்ணாகிறாள். கடைசியில் குண்டடிபட்டு வீடு வந்து சேரும் ஜார்ஜ் அவளைச் சுடும்போது எனக்கு இருவர் மீதும் இரக்கமே வந்தது. கூண்டில் இருக்கும் கிளி ஒன்று மட்டும் அந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எந்த உயரத்தை மறைக்க அவர் முழங்காலை மடித்தாரோ, அந்த உயரமே இந்தப் படத்தில் பலமாகிறது. எலிஷா குக் சிறுத்த உருவம் உடையவர். பரந்த தோள்களும் பெரிய கண்களும் கொண்ட வின்ட்சர் அவர் பக்கத்தில் இருந்தாலே போதும். அந்தக் கல்யாணத்தின் கதை முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. நடிகையைக் குறுக்காமல், இருக்கிறபடி பயன்படுத்திக்கொண்ட இயக்குநர் கிடைத்தது அவருடைய நற்பேறு. வெளியானபோது இந்தப் படமும் இன்னொரு படத்துக்குத் துணையாக இரண்டாவது படமாகத்தான் ஓடியது.

கேள்வி: எல்லாப் படங்களிலும் கெட்ட பெண்ணாகவே நடித்தால் ஊரார் அந்தப் பெண்ணை என்ன நினைப்பார்கள்? வீட்டில் அவர் எப்படிப்பட்டவர்? (ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

பதில்: ஆச்சி அவர்களே, நீங்கள் கேட்டது அங்கேயும் நடந்தது. திரையில் கண்ட பெண்ணையே நிஜம் என்று நம்பியவர்கள், திருந்தும்படி வாசகங்களுக்குக் கீழே கோடிட்டு அவருக்கு பைபிள் அனுப்பினார்கள். நம் நம்பியாரை நினைத்துப் பாருங்கள். திரையில் அவரைக் கண்டு சபித்த தாய்மார்கள் எத்தனை பேர். நிஜத்தில் ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்டு, குருசாமியாகப் பலரை அழைத்துச் சென்ற மனிதர் அவர். இந்த இருவரும் ஒரே படத்தில் நடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வின்ட்சரின் குடும்ப வாழ்வு அமைதியானது. 1954-இல் ஜாக் ஹப் என்பவரை மணந்தார். 2000 டிசம்பர் 10 அன்று, எண்பத்தோராவது பிறந்தநாளுக்கு முதல் நாள் வின்ட்சர் காலமாகும்வரை அந்த மணவாழ்வு நீடித்தது. பிற்காலத்தில் ஓவியத்திலும் சிற்பத்திலும் ஈடுபட்டிருந்தார்.

எல்லாப் படங்களிலும் கெட்டவள் என்பதும் முழுச் சரியல்ல. ‘தி நேரோ மார்ஜின்’ படத்தைக் கெட்ட பெண் படம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு பாடம் காத்திருக்கிறது. கும்பல் தலைவன் ஒருவனின் விதவையைச் சாட்சி சொல்வதற்காக ஒரு துப்பறிவாளர் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயிலில் அழைத்துப்போகிறார். அவளைக் கொல்ல ஆட்கள் அதே ரயிலில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் அவள் முகம் அவர்களுக்குத் தெரியாது. பெரும்பகுதிப் படமும் குறுகிய ரயில் பெட்டிகளுக்குள். பின்னணி இசை கிடையாது. சக்கர ஓசையும் ஊதலும்தான். ரிச்சர்டு ஃபிளைஷர் இயக்கியது. பார்ப்பவர் மனத்தில் வின்ட்சரைப் பற்றி இருக்கும் அபிப்பிராயத்தையே கருவியாகக் கொண்டு கதை நகர்கிறது. அதற்குமேல் சொன்னால் சுவை கெடும்.

1950-இலேயே எடுத்து முடித்த இப்படத்தை ஆர்.கே.ஓ. நிறுவன அதிபர் ஹோவர்டு ஹ்யூஸ் 1952 வரை முடக்கி வைத்திருந்தார். படம் பிடித்துப்போனதால், ராபர்ட் மிச்சமையும் ஜேன் ரஸலையும் வைத்துப் பெரிய படமாக மீண்டும் எடுக்கலாமா என்றுகூட எண்ணினார். அப்படி நடந்திருந்தால் வின்ட்சரின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்றை நாம் பார்த்தே இருக்கமாட்டோம்.

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிற உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊரில் வளர்ந்த மனோரமா, கதாநாயகிகள் பலர் வந்து போன பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் திரையில் நின்றார். கதாநாயகியை அடுத்த இடத்தில் நிற்கும் நடிகையிடம் எவ்வளவு பெரிய கலை இருக்கமுடியும் என்பது நீங்கள் நேரில் கண்டது.

கேள்வி: சினிமாவில் இருந்தவர் ஏன் தொலைக்காட்சிக்குப் போனார்? வாய்ப்புக் குறைந்ததாலா? (ஒரு வாசகர், திருப்பத்தூர்)

பதில்: அவருக்கு வாய்ப்புக் குறைந்தது என்பதைவிட, அவர் வேலை செய்த வகைப் படங்களே மறைந்துபோயின என்பது சரி. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய ஸ்டூடியோக்கள் திரையரங்குகளையும் தம் கையில் வைத்துக்கொண்டு தொழிலை ஆள்வது கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் அரங்குகள் தனியாயின. அதே ஆண்டுகளில் வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. வீட்டிலேயே இலவசமாக அரை மணி நேரக் கதை கிடைக்கும்போது, இரண்டாவது படத்துக்காக அரங்கில் காத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. குறைந்த செலவில் விரைவாகக் கதை எடுக்கும் அந்த வேலை முழுவதையும் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. அதில் தேர்ந்த இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் நடிகர்களும் கூடவே சென்றார்கள்.

வின்ட்சர் ‘செயேன்’, ‘மேவரிக்’, ‘பெர்ரி மேசன்’ முதலான தொடர்களில் விருந்தினர் வேடங்களில் வந்தார். 1957-இல் வந்த மேவரிக் பகுதி ஒன்றில் ஜேம்ஸ் கார்னரோடு, மதுக்கூடத்தின் சொந்தக்காரியாக நடித்தார். தொடரின் நாயகன் அடுத்த வாரமும் வருவான், விருந்தினராக வருபவருக்கோ அந்த ஒரு வாரம் மட்டுமே; அதற்குள் ஒரு முழு வாழ்வைக் காட்டவேண்டும். பி படங்களில் பழகிய கைக்கு அது புதிது அன்று.

1979-இல் டோப் ஹூப்பர் இயக்கிய ‘சேலம்ஸ் லாட்’ என்னும் தொலைக்காட்சிக் குறுந்தொடரில் விடுதி நடத்தும் ஈவா மில்லராக வந்தார். அவரை மணந்து பிரிந்த பழைய கணவராக நடித்தவர் யார் தெரியுமா? அதே எலிஷா குக் ஜூனியர். ‘தி கில்லிங்’ முடிந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த ஜோடியை மீண்டும் ஒன்றாகக் காட்டவேண்டும் என்று எண்ணியவருக்கு ரசிகன் என்ற முறையில் என் நன்றி.

கேள்வி: பழைய படங்கள் தொலைக்காட்சியில் ஓடும்போது நடித்தவர்களுக்குப் பங்கு உண்டா? நம் ஊரில் இல்லை என்கிறார்கள். அமெரிக்காவில் எப்படி? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: அங்கே அந்த உரிமை போராடிப் பெறப்பட்டது, அதிலும் ஒரு தலைமுறை விடுபட்டுப்போயிற்று. 1960 மார்ச் மாதம் திரை நடிகர் சங்கம் ஸ்டூடியோக்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. அப்போது சங்கத் தலைவர் ரொனால்டு ரீகன், பின்னாளில் நாட்டின் அதிபரான அவரேதான். முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 1960 முதல் எடுக்கப்படும் படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டால் நடிகர்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு முந்தைய படங்களுக்குத் தனித்தனியே பங்கு கிடையாது. அதற்கு ஈடாக, ஓய்வூதியமும் மருத்துவ நலனும் தரும் நிதியைத் தொடங்க ஸ்டூடியோக்கள் 22.5 லட்சம் டாலர் கொடுத்தன.

இதை வின்ட்சரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பாருங்கள். ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’, ‘தி நேரோ மார்ஜின்’, ‘தி கில்லிங்’ மூன்றும் 1960-க்கு முந்தையவை. நள்ளிரவுக் காட்சிகளில் அவை திரும்பத் திரும்ப ஓடித்தான் புதிய தலைமுறை அவரைக் கண்டுகொண்டது. அந்த ஓட்டத்தின் பங்கு அவருக்கு உரியதாகவில்லை. ஆயினும் அவர் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். நடிகர்களில் மிகப் பெரும்பாலோர் நட்சத்திரங்கள் அல்லர், அடுத்த வேடம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் என்பதைத் தம் அனுபவத்திலேயே அறிந்தவர் அந்தக் குழுவில் இருந்தது பொருத்தமானது. 1983-இல் ஹாலிவுட்டின் புகழ் நடைபாதையில் (வாக் ஆஃப் ஃபேம்) அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே, ஆனால் அவருடைய வாழ்வில் நான் முதலில் மதிப்பது அந்த இருபத்தைந்து ஆண்டுகளை.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? (ஒரு வாசகர், கண்டனூர்)

பதில்: ‘தி நேரோ மார்ஜின்’ முதலில். ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவு. கதைச் சுருக்கம் எதையும் படிக்காமல் உட்காருங்கள். முடிந்ததும் அவருடைய காட்சிகளை மட்டும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; முதல் முறை அலட்சியமாகத் தெரிந்த பார்வைகளுக்கெல்லாம் இரண்டாம் முறை வேறு பொருள் இருக்கும். அடுத்து ‘தி கில்லிங்’. அதன் பிறகு 1949-இல் ரிபப்ளிக் நிறுவனம் எடுத்த ‘ஹெல்ஃபயர்’. அதில் அவர் குதிரை ஏறித் துப்பாக்கி சுடும் பெண்ணாக வருகிறார். தம் படங்களில் தமக்கு மிகவும் பிடித்தது அதுவே என்று அவர் சொல்லிவந்தார். அது வண்ணப்படம், இணையத்தில் மங்கிய பிரதிகளும் கிடைக்கக்கூடும் என்பதால், நிறம் கெடாத பிரதி கிடைக்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.